நாலு கிலோ மரப்பெட்டியும் ஒரு பெல்ட்டும்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, எங்கள் ஊர் ரகீம் பாய் மளிகைக் கடையில், சர்க்கரை நிறுக்கும் தராசின் மேல் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வைத்தேன்.

கடையில் அப்போது என்னையும் சேர்த்து ஐந்து பேர். எல்லோரும் பெட்டியையே பார்த்தார்கள்.

"என்னங்க சர்வேயரே, உள்ள என்ன?" என்றார் ரகீம் பாய்.

"மணலுங்க பாய்."

"மணலா? மணல கிலோக் கணக்குல விக்கற காலம் வந்துடுச்சுங்களா?"

"மணலு உள்ளதானுங்க. வெளிய கேமரா."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். முன்பக்கம் ஒரு பழைய டப்பா மூடியை ஆணியடித்து வைத்திருந்தேன். மேலே பிடிப்பதற்கு ஒரு கதவுக் கைப்பிடி. நாலு ஸ்க்ரூ.

"இதுல படம் விழுகுமுங்களா?" என்று கேட்டார். சிரிக்காமல் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் மகள் கோகிலாவைத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு வரி – முப்பத்து நாலு வயது, கொழிஞ்சாம்பாறையில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். கல்யாணம், காது குத்து, கோயில் நோம்பி, கட்டடத் திறப்பு... எது கூப்பிட்டாலும் போவாள். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் எல்லை வரைக்கும், வீடியோ கேமராவைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற ஒரே பெண் அவள்தான். சும்மா சொல்லவில்லை. விசாரித்துவிட்டேன்.

அவள் இப்போது ஒரு புதுக் கேமராவுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். விலையைக் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். ஆனால் மற்றதெல்லாம் கேளுங்கள், சொல்கிறேன். அதன் விளக்கப் புத்தகத்தை மூன்று தடவை வாசித்திருக்கிறேன். நாற்பத்தாறு பக்கம். முழுக்க இங்கிலீஷ். பதினாறாம் பக்கத்தில் ஒரு அச்சுப்பிழைகூட இருக்கிறது.

பெரிய சென்சார் கேமரா. சென்சார் என்றால் என்ன? கேமராவுக்குள் வெளிச்சம் வந்து விழுகிற சின்னத் தகடு. அந்தக் காலத்தில் ஃபிலிம் இருந்த இடம். கோகிலா இத்தனை வருடம் வைத்திருந்த கேமராவில் அது சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். புதியதில் ஒரு தபால் தலை அளவு. அவ்வளவுதானா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வாசல் பெரிசானால் வீட்டுக்குள் எவ்வளவு வெளிச்சம் வரும் – அந்த மாதிரி, என்றாள்.

அந்த வெளிச்சம் எதற்கு?

அதற்கு மலைமேல் இருக்கும் அகளியில் நடந்த ஒரு கல்யாணத்தைச் சொல்ல வேண்டும். போன மழைக்காலம். காலை ஒன்பதரை மணி முகூர்த்தம். மலையில் மழை பிடித்துக்கொண்டால் ஒன்பதரை மணியும் ஒன்றுதான், பொழுது இறங்குகிற நேரமும் ஒன்றுதான். மண்டபத்துக்குள் ஒரே கருக்கல். தாலி எடுத்துக் கொடுக்கிற சமயத்தில் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் பிடிக்க நாலு நிமிடம் ஆயிற்று. நல்ல நேரம் நிற்குமா? குத்துவிளக்கு வெளிச்சத்தில் தாலியைக் கட்டி முடித்துவிட்டார்கள்.

கோகிலா விடாமல் எடுத்தாள். ஆனால் பத்து நாள் கழித்து ஸ்டுடியோவில் உட்கார்ந்து பெண்ணின் அம்மா அந்த நாலு நிமிடத்தைப் பார்த்தபோது, திரை முழுக்கப் புள்ளி. கறுப்புப் புள்ளியும் பழுப்புப் புள்ளியும். அதற்குள் எங்கேயோ ஒரு கல்யாணம்.

"எம்புள்ள மொகம் எங்கீங்க?" என்று அந்த அம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தேடினார். விரலைத் திரையில் வைத்துத் தேடினார்.

கோகிலா வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு, "வெளக்கு வெளிச்சத்துல மொகம் தெரியற கேமரா வாங்கோணுங்கப்பா," என்றாள். அன்றைக்குத் தொடங்கியது.

அதனால்தான் இந்தக் கேமரா. அதனால்தான் எனக்குப் பெருமை. ஊரில் பதினேழு பேரிடம் நானாகவே போய்ச் சொல்லியிருக்கிறேன். தானாகக் கேட்டவர் ஒருவர்தான்.

வீட்டில் என் மனைவி ருக்மணிக்கு மட்டும் ஒரு சந்தேகம். பெரிய சென்சாரில் முன்னால் நிற்பவர் பளிச்சென்று விழுவார், பின்னால் நிற்பவர்கள் கரைந்து போவார்கள் என்று கோகிலா விளக்கிக்கொண்டிருந்தாள். ருக்மணி அரிசி களைவதை நிறுத்திவிட்டாள்.

"கரஞ்சு போவாங்களா? பின்னால பெரியப்பன் நின்னாருன்னா?"

"அவரும் கரைவாருங்கம்மா."

"நல்லா இருக்குதே! ரெண்டு பஸ் மாறி வந்து நின்ன மனுசன் கரஞ்சு போனா, அந்த ஊட்டுல சண்டை வராதா?"

"தெரியோணும்னா தெரிய வெக்கலாமுங்க. அது என்ற கையில இருக்குது."

"அப்ப யாரக் கரைக்கறதுன்னு நீதான் முடிவு பண்ணுவே." ருக்மணி யோசித்தாள். "செரி, அப்ப நல்ல கேமராதான்."

இனி என் கவலைக்கு வருகிறேன். கவலை இல்லாமல் இந்தப் பத்தியில் நான் எப்போது எழுதியிருக்கிறேன்?

ஊர்வலத்தை வீடியோ எடுப்பவர்களை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஊர்வலம் முன்னால் நடக்கும். எடுப்பவர் அதைப் பார்த்தபடியே பின்னால் நடக்க வேண்டும். கண் கேமராவில். கால் ரோட்டில். ரோடு முதுகுக்குப் பின்னால். கோகிலா தொழிலுக்கு வந்த புதிதில், முதல் ஊர்வலத்திலேயே, பின்னால் நடந்து நடந்து ஒரு சாக்கடைக்குள் இறங்கிவிட்டாள். கேமராவை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். கேமராவுக்கு ஒரு கீறல் இல்லை. முழங்காலில் ஆறு தையல்.

அன்றிலிருந்து அவள் பின்னால் நான் இருக்கிறேன்.

லோடு ஏற்றுகிறவர்கள் இடுப்பில் கட்டுவார்களே, அகலமான பெல்ட் – அதில் ஒன்றை அவள் சுடிதாரின் மேல் கட்டிக்கொள்வாள். அந்த பெல்ட்டின் பின்பக்கத்தை என் கை பிடித்திருக்கும். அவள் பார்ப்பது ஊர்வலத்தை. நான் பார்ப்பது ரோட்டை. எங்களுக்குள் ஆறு வார்த்தைதான் – மேடு, பள்ளம், தண்ணி, மாடு, மெதுவா, நில்லு. இடப்பக்கம் இழுத்தால் இடம். வலப்பக்கம் இழுத்தால் வலம். மாப்பிள்ளை திருப்பூரில் வேலையாக இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். ஊர்வலம் ஞாயிற்றுக்கிழமை பார்த்தா வருகிறது? அதனால் அது என் வேலை.

பதினோரு வருடம். நூற்று அறுபத்திரண்டு நிகழ்ச்சி. ஒரு தடவைகூட அவள் விழுந்ததில்லை.

கேலிக்குக் குறைவில்லை. "சர்வேயர் மகளப் பட்டம் விட்டுட்டுப் போறாரு" என்பார்கள். "ரிட்டயராகியும் சங்கிலி புடிக்கறத விடலியேப்பா" என்பார்கள். நான் தாலுக்கா ஆபீஸில் சர்வேயராக இருந்து ஐம்பத்தைந்தில் ரிட்டயரானவன். நிலத்தைச் சங்கிலியாலும் காலாலும் அளந்தே பழகியவன். எந்தத் தெருவில் எத்தனை அடிக்கு எத்தனை வேகத்தடை என்று எனக்குத் தெரியும். இந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் யார்?

அப்படித்தான் நினைத்திருந்தேன் – மூன்று வாரத்துக்கு முன்னால், கோகிலா கோயமுத்தூர் கேமரா கடைக்காரரோடு போனில் பேசியதைக் கேட்கும் வரை. நான் ஒட்டுக் கேட்கவில்லை. ஸ்பீக்கர் போட்டிருந்தாள்.

"மேடம், இது பழைய கேமரா மாதிரி இல்லீங்க. லென்ஸ் எல்லாம் போட்டா வெயிட்டு எச்சா வரும். கையில வெச்சுட்டே பின்னால நடக்கறீங்கன்னா, பின்னாடி புடிக்கறவங்க கொஞ்சம் தெம்பான ஆளா இருக்கோணும் பாத்துக்கங்க."

"ஆமாங்க," என்றாள் கோகிலா. கொஞ்சம் நிறுத்தி, "ஆள் பாக்கோணும்," என்றாள்.

ஆள் பாக்கோணும்!

எனக்கு எழுபத்திரண்டு வயது. இடது முழங்கால் மாடிப்படியில் மட்டும் வலிக்கும். சர்க்கரை இருக்கிறது, கட்டுக்குள் இருக்கிறது. கண் இரண்டும் ஆபரேஷன் ஆகிவிட்டது, பஸ் போர்டு படிப்பேன். இதில் என்ன குறை? ஆனால் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே?

வீட்டுக்குப் புதுசாக ஒன்று வரும்போது அதை எங்கே வைப்பது என்று எல்லோரும் யோசிக்கிறோம். பழசில் எதை வெளியே எடுப்பது என்று யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. புது ஃபிரிட்ஜ் வந்த அன்று எங்கள் சமையலறையில் நாற்பது வருட மர அலமாரி எப்படிக் காணாமல் போனது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இப்போது மாட்டுக் கொட்டகையில் புண்ணாக்கு வைத்திருக்கிறது.

அதனால்தான் மரப்பெட்டி செய்தேன்.

கேமரா வந்த பிறகு பழகினால் தாமதம். வருவதற்கு முன்பே அதே அளவில், அதே எடையில் ஒன்றைச் செய்து, அவள் தூக்கி நடக்க, நான் பிடித்து நடக்க, இரண்டு பேரும் பழகிவிட்டால்? 'ஆள் பாக்கோணும்' என்ற பேச்சே வராது அல்லவா? விளக்கப் புத்தகத்தில் நீளம், அகலம், உயரம் எல்லாம் மில்லிமீட்டரில் போட்டிருந்தது. பழைய பலகையை அறுத்தேன். பெட்டி செய்தேன். உள்ளே மணல் போட்டேன். அதை நிறுக்கத்தான் ரகீம் பாய் கடைக்குப் போனேன். புத்தகத்தில் போட்டிருந்தபடி ரெண்டு கிலோ சொச்சம் வருகிறவரை, டீஸ்பூனால் மணலைப் போட்டும் எடுத்தும் சரிசெய்தேன். பாய் பொறுமையாக நின்றார். பின்னால் நின்ற அம்மா அரைக்கிலோ துவரம்பருப்புக்காகப் பதினோரு நிமிடம் காத்திருந்தார்.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கோகிலாவிடம் கொடுத்தேன். அவள் வாங்கி, கையில் தூக்கிப் பார்த்தாள். இரண்டு தடவை ஏற்றி இறக்கினாள்.

"லென்ஸ் எங்கீங்கப்பா?"

"டப்பா மூடி அடிச்சிருக்கேனே."

"அதில்லீங்க. புத்தகத்துல போட்டிருக்கறது வெறும் பொட்டி வெயிட்டு. லென்ஸ் தனி. பேட்டரி தனி. மைக்கு, கைப்பிடி, எல்லாம் தனி."

நாற்பத்தாறு பக்கத்தை மூன்று தடவை வாசித்தவன். 'மட்டும்' என்று ஒரு சின்ன எழுத்துக் குறிப்பு இருந்தது. கடைசிப் பக்கத்தில்.

மத்தியானம் மறுபடி ரகீம் பாய் கடை. இந்தத் தடவை நாலு கிலோ.

"காலையில ரெண்டு, மத்தியானம் நாலு," என்றார் பாய், தராசைப் பார்த்தபடியே. "சர்வேயரே, வளர்ற கேமராங்களா? தண்ணி கிண்ணி ஊத்தறீங்களா?"

வியாழக்கிழமை கேமரா கடைக்காரர் போன் செய்தார். அதுவரைக்கும் நான் ஆறு தடவை போன் செய்திருக்கிறேன். ஆறு தடவையும் "வந்துட்டே இருக்குதுங்க" என்றவர், இப்போது "அடுத்த வியாழக்கிழமை வந்து எடுத்துக்கங்க" என்றார். கோகிலா போனை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தாள்.

எங்கள் மாரியம்மன் கோயில் நோம்பிக்கு – திருவிழாவை அப்படித்தான் சொல்வோம் – அதற்குப் பிறகு ஐந்தே நாள். புதுக் கேமராவில் அவள் எடுக்கப் போகிற முதல் வேலை அதுதான். பூவோடு. தெரியாதவர்களுக்கு – பெண்கள் கையில் தீச்சட்டி ஏந்தி வருவதை எங்கள் பக்கம் பூவோடு என்போம். பொழுது சாய்ந்து ஆற்றங்கரையில் கிளம்பி, எங்கள் தெரு வழியாகக் கோயிலுக்கு வருவார்கள். போன வருடம் நாற்பத்து மூன்று பேர். தெருவிளக்கை அணைத்துவிடுவார்கள். சட்டியில் கங்கு, அந்தக் கங்கின் வெளிச்சம் முகத்தில். அதை இத்தனை வருடமும் அவளால் எடுக்க முடிந்ததில்லை. தீ விழும். முகம் விழாது.

இந்த வருடம் விழும்.

அதனால் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஒத்திகை வைத்தேன். எங்கள் தெரு முனையிலிருந்து கோயில் வாசல் வரை. நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர். பின்னோக்கி நடந்தால் அறுநூற்றுத் தொண்ணூறு காலடி. மூன்று வேகத்தடை, ஒரு குறுக்குப் பாலம், முப்பத்தொரு வாசல். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். தாளைப் பார்க்கத் தேவையில்லை. இருந்தாலும் வைத்திருந்தேன்.

கோகிலா பெல்ட் கட்டிக்கொண்டாள். நாலு கிலோ மரப்பெட்டியைக் கையில் ஏந்தி, டப்பா மூடிக்கு நேரே கண்ணை வைத்தாள். நான் பின்னால் நின்று பெல்ட்டைப் பிடித்தேன்.

"போலாமுங்களாப்பா?"

"போலாம். வலது கால் முதல்ல."

தெருவே வேடிக்கை பார்த்தது. ஆறரை மணிக்குப் பால் வாங்க வந்தவர்கள், கோலம் போடுகிறவர்கள், பல் தேய்க்கிறவர்கள். ருக்மணியும் பால் சொசைட்டியில் ஊற்றப் போசியில் பாலோடு, எங்களுக்கு ஓரமாக, கையெட்டும் தூரத்தில் வந்தாள். "காலங்காத்தால மணலத் தூக்கிட்டு தெருத் தெருவா..." என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

முதல் நூறு அடி, ஒரு பிசகு இல்லை. முதல் வேகத்தடை – "மேடு" என்றேன். ஏறி இறங்கினாள். நூற்று ஐம்பது. இருநூறு. எனக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு. யாருக்குத் தெம்பு இல்லை?

இருநூற்றுப் பதினாலாவது அடியில் எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர், "சர்வேயரே, சினிமா எப்ப ரிலீசு?" என்றார். நான் தலையைத் தூக்கினேன். ஒரே ஒரு தடவை.

ரோட்டின் குறுக்கே ஒரு தண்ணீர்க் குழாய் கிடந்தது. யாரோ தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை நான் அளந்தபோது அது அங்கே இல்லை. கால் மாட்டியது. நான் சாய்ந்தேன்.

சாயும்போது என் கை என்ன செய்தது தெரியுமா? பெல்ட்டை விடவில்லை. அவளைத் தாங்குவதற்காகப் பிடித்த பெல்ட்டில், நானே தொங்கினேன். என் பாரம் முழுவதும் அவள் இடுப்பில். கோகிலா அப்படியே பின்னால் வந்தாள். பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள் – முதல் ஊர்வலத்தில் தூக்கிய மாதிரியே.

தரையில் விழவில்லை. நாங்கள் இரண்டு பேருமே. ஏனென்றால் 'டணார்' என்று பால் போசி ரோட்டில் உருண்டது. ருக்மணியின் ஒரு கை கோகிலாவின் தோளுக்குக் கீழே, இன்னொரு கை என் சட்டைக் காலரில்.

ஒன்றரை லிட்டர் பால் சாக்கடைப் பக்கம் ஓடியது. பல் தேய்த்தவர்கூட நிறுத்திவிட்டார்.

"அடி கிடி பட்டுச்சாங்கப்பா?" என்றாள் கோகிலா.

இல்லை என்று தலையாட்டினேன். நாலு கிலோ மணலுக்குப் பதில் அவள் கையில் அந்தக் கேமரா இருந்திருந்தால்? நோம்பி அன்று, தெருவிளக்கு அணைந்த பிறகு, முன்னால் நாற்பத்து மூன்று தீச்சட்டி வரும்போது இது நடந்திருந்தால்?

ருக்மணி முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஏனுங்க, தள்ளுங்க அக்கட்டால."

"நீ என்ன பண்ணப் போறே?"

"பாலும் போச்சு. சொசைட்டிக்கும் போக வேண்டாம். பெல்ட்ட உடுங்க."

"உனக்கு எண்ணிக்கை தெரியாது ருக்மணி. இன்னும் நானூத்தி எழுவத்தாறு அடி இருக்கு. இருபதாவது வாசல்ல..."

"எண்ணி என்ன பண்றது? கண்ணு இருக்குதில்ல? நீ நடடி அம்மிணி."

கோகிலா என்னைப் பார்த்தாள். 'ஆள் பாக்கோணும்' என்றவள், யாரையும் பார்த்திருக்கவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. எனக்கு வயதாகிவிட்டது என்று என்னிடம் சொல்வதற்குத்தான் அவளுக்கு மூன்று வாரம் ஆகியும் வழி தெரியவில்லை.

நான் பெல்ட்டை விட்டேன். பதினோரு வருடப் பிடி. விரலைப் பிரிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ருக்மணி நான் நின்ற மாதிரி நிற்கவில்லை. நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நின்றாள். ஒரு கை பெல்ட்டில், ஒரு கை மகளின் தோளில். நடக்க ஆரம்பித்த உடனே பேசவும் ஆரம்பித்தாள். ஆறு வார்த்தையா? ஆறு நூறு!

"சாந்தா ஊட்டுக் கல்லு வருது, எத்தன சொன்னாலும் எடுத்துப் போடமாட்டா, இப்புடி வா... ம்... செரி, இனி நேரா... இது ராஜாமணி வாசல். நோம்பியன்னிக்கு அவ பூவோட்டுக்காரங்க காலுக்குக் கொடத்தோட தண்ணி ஊத்துவா, ரோடே கொளமாயிரும். அங்க ரெண்டடி தள்ளியே நின்னுக்கோணும்... பக்கத்து ஊட்டுல செம்புலதான் ஊத்துவாங்க, பயமில்ல... இங்க நாயி இருக்குது, கட்டிப்போடச் சொல்லிப்போடறேன்..."

நான் முப்பத்தொரு வாசலை எண்ணி வைத்திருந்தேன். எந்த வாசலில் யார் எவ்வளவு தண்ணீர் ஊற்றுவார்கள் என்று எண்ணவில்லை. ஊர்வலத்தில் வழுக்குவது அந்தத் தண்ணீரில்தான்! பதினோரு வருடம் 'தண்ணி' என்று, அதன் மேல் கால் வைப்பதற்கு ஒரு நொடி முன்னால்தான் சொல்லியிருக்கிறேன். இவள் பத்து நாள் முன்னால் சொல்கிறாள்.

இரண்டாவது வேகத்தடை. அவள் 'மேடு' என்று சொல்லவில்லை. பெல்ட்டைக் கொஞ்சம் மேலே தூக்கினாள், அவ்வளவுதான். கோகிலாவின் கால் தானாக எழும்பியது. குறுக்குப் பாலத்தில் தோளை அழுத்தினாள், நடை தானாகக் குறைந்தது. மரப்பெட்டி ஒரு அசைவு அசையவில்லை. தண்ணீர் நிறைந்த சொம்பை அதன் மேல் வைத்திருந்தால்கூடச் சிந்தியிருக்காது.

என்னவோ, எனக்குப் பொறாமை வரவில்லை. வரும் என்றுதான் காத்திருந்தேன். மாட்டுக் கொட்டகைக்குப் போன அலமாரி ஞாபகம்கூட வந்தது. ஆனால் என் மனைவியும் மகளும் அந்தத் தெருவில் ஒரே உடம்பு மாதிரிப் பின்னால் நகர்ந்து போவதைப் பார்த்தபோது, மாடியில் நின்ற அந்த ஆளைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா?" என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டேன். "பாத்தனுங்க," என்றார். இந்தத் தடவை கேலி செய்யவில்லை.

அவர்களை முந்திக்கொண்டு போனால் திருத்தம் சொல்ல வந்த மாதிரி இருக்கும். தெருவின் ஓரமாக, ஊர்வலம் வருகிற பக்கத்திலேயே, மெதுவாக நடந்தேன். வேலை இல்லாதவன் எங்கே நடந்தால் என்ன?

அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. நான் கோகிலாவின் முகத்துக்கு எதிரே நடந்துகொண்டிருக்கிறேன்.

பதினோரு வருடத்தில் நான் பார்த்ததெல்லாம் ரோடு. கல், குழி, சாணி, வேகத்தடை. என் முதுகுக்குப் பின்னால் அவள் முதுகு. அவள் படம் எடுக்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நூற்று அறுபத்திரண்டு நிகழ்ச்சிக்குக் கூட வந்தவர்களில் அது தெரியாத ஒரே ஆள் நான்தான்.

நின்றுவிட்டேன்.

ஒரு கண்ணைச் சுருக்கிக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன். இல்லை. இரண்டு கண்ணும் திறந்தே இருந்தன. ஒன்று டப்பா மூடிக்கு நேராக. இன்னொன்று தெருவில், வராத ஊர்வலத்தின் மேல். கீழ் உதடு கொஞ்சம் மடிந்து பல்லுக்குள் இருந்தது. பெட்டியை மெதுவாக, மிக மெதுவாகக் கீழிருந்து மேலே கொண்டுவந்தாள். முதலில் பாதம். பிறகு சட்டி. சட்டிக்கு மேலே ஒரு முகம் – காலை ஏழு மணி வெயிலில், தீச்சட்டியே இல்லாத தெருவில், கங்கின் வெளிச்சம் விழுகிற ஒரு முகத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயே நிறுத்தினாள். மூச்சைக்கூட நிறுத்தினாள். ருக்மணிக்கு அது எப்படித் தெரிந்ததோ, அவளும் பேச்சை நிறுத்தினாள்.

கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல ஒரு முகம். பெற்ற மகளை எப்படிக் கும்பிடுவது? கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தெருவின் நடுவுக்கு வந்து, நன்றாகப் பார்த்தேன்.

"அப்பா!" என்று கத்தினாள் கோகிலா, கண்ணை எடுக்காமலே. "ஃப்ரேமுக்குள்ள நிக்கறீங்க! தள்ளுங்க!"

மரப்பெட்டி. உள்ளே மணல். முன்னால் டப்பா மூடி.

இருந்தாலும் தள்ளித்தான் நின்றேன்.